கல்யாணத் தேதியும் கார்டுத் தேதியும்

ஒரே கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தில் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்க்கிற இரண்டு மாப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கையில் இருப்பது எச்-1பி வேலை விசா. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். வேலை போய்விட்டால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும், கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மற்றவர் கையில் கிரீன் கார்டு. வேலை போனாலும் அவரை யாரும் கிளம்பச் சொல்ல முடியாது. இருவருக்கும் ஒரே தை மாதம் வேடசந்தூரில் கல்யாணம் நடக்கிறது. எந்தப் பெண் முதலில் விமானம் ஏறுவாள்?

நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் கிரீன் கார்டுக்காரரின் மனைவி என்பார்கள். சம்பந்தம் பேசும்போதே அந்தக் கார்டுக்குத் தனி மரியாதை. நகைப் பேச்சிலும் அதற்கென்று ஒரு கணக்கு ஏறிவிடும். நடப்பு தலைகீழ். எச்-1பிக்காரரின் மனைவிக்கு எச்-4 என்ற சார்பு விசா உண்டு. வருடத்துக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு அதற்குக் கிடையாது. சென்னையில் நேர்காணலுக்கு நாள் கிடைத்துவிட்டால் சில மாதங்களில் அவள் கணவனோடு இருப்பாள். கிரீன் கார்டுக்காரரின் மனைவிக்கு அப்படி ஒரு சார்பு விசாவே இல்லை. கணவன் ஐ-130 என்ற மனுவைப் போட்டு, எஃப்2ஏ என்ற வரிசையில் அவளை நிறுத்த வேண்டும். அந்த வரிசை 2019 நடுப்பகுதியிலிருந்து 2023 தொடக்கம் வரை காத்திருப்பே இல்லாமல் ஓடியது. 2023 ஏப்ரலில் மறுபடி பின்வாங்கியது. அதற்குப் பிறகு சுமார் இரண்டிலிருந்து மூன்று வருடக் காத்திருப்பு வழக்கமாகிவிட்டது.

சரி, அதுவரை சுற்றுலா விசாவில் போய் இருந்துவிட்டு வரலாமே என்று தோன்றும். கணவன் அங்கே நிரந்தரவாசி, மனைவிக்காக குடியேற்ற மனுவும் நிலுவையில் இருக்கிறது என்றால், ‘நீ திரும்பி வருவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்’ என்பதுதான் அதிகாரியின் முதல் கேள்வி. பெரும்பாலும் நிராகரிப்பு. கணவனாவது இங்கே வந்து தங்கலாமா? ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி கேட்பார்கள்; முன் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்தைத் தாண்டினால் கார்டே கேள்விக்குறி. அவரால் அங்கிருந்து வர முடியாது, அவளால் அங்கே போக முடியாது. நிரந்தரமாக இருக்கும் உரிமை வாங்கியவர், வாங்கிய காரணத்தாலேயே மனைவியைப் பிரிந்திருக்கிறார். தற்காலிகமாக வந்தவர் குடும்பத்தோடு இருக்கிறார்.

இந்த முரணுக்குப் பின்னால் சதி எதுவும் இல்லை. பழைய சட்டத்தின் கணக்கு இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. நிரந்தரவாசியின் மனைவி, குழந்தைகள், மணமாகாத வளர்ந்த பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து வருடத்துக்கு 1,14,200 இடங்கள் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அதில் 77 சதவீதம் மனைவிக்கும் சிறு குழந்தைகளுக்கும். மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை, வேடசந்தூர் வரை எல்லாரும் இந்த ஒரே கூடைக்குள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் காத்திருப்பு பல வருடங்களாக நீண்டு, பெரிய கூச்சல் எழுந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ‘வி’ விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று வருடம் காத்திருந்துவிட்ட மனைவி உள்ளே வந்து மீதிக் காலத்தைக் கணவனோடு கழிக்கலாம் என்றது. ஆனால் 2000 டிசம்பர் 21-க்குள் மனு போட்டவர்களுக்கு மட்டும். பழைய பாக்கியைத் தீர்க்க ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். கால் நூற்றாண்டு ஆகிறது. அதைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் மனம் வரவில்லை.

இதில் பெற்றோர் அறியாத நுணுக்கம் ஒன்று உண்டு. வேலை வழியாக கிரீன் கார்டு வாங்குபவர், கார்டு அனுமதியாவதற்கு முன்பே மணமானவராக இருந்தால், மனைவிக்கும் அதே மனுவில் இடம் உண்டு. அவள் இந்தியாவிலேயே இருந்தாலும் பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். கணவனின் வரிசை எண்ணே அவளுக்கும். கார்டுக்கு மறுநாள் கல்யாணம் என்றால் அந்த உரிமை போயிற்று. எஃப்2ஏ வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். ஆனி மாதம் நிச்சயம் முடிகிறது. ‘ஆடி போகட்டும், ஆவணியில் நல்ல முகூர்த்தமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று மாப்பிள்ளைக்கு கார்டு அனுமதியாகிவிடுகிறது. எல்லாருக்கும் இனிப்பு கொடுக்கிறார்கள். அந்த இனிப்பு இரண்டரை வருடப் பிரிவுக்கான இனிப்பு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆனியிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவை முடித்து, ஆவணியில் தாலி கட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பதினொன்றாவதாகப் பார்க்க வேண்டியது இந்தத் தேதிப் பொருத்தத்தை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீள்கிறது. எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. ஆகவே முப்பது வயதுக்குள் கார்டு வைத்திருக்கும் மாப்பிள்ளை அபூர்வம். தரகர் காட்டும் கிரீன் கார்டு ஜாதகம் என்றால், சிறுவயதிலேயே பெற்றோரோடு போனவராக இருக்கலாம், வயது கூடியவராக இருக்கலாம், மறுமணமாகவும் இருக்கலாம். எதுவும் குறையில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சப்பட வேண்டியதும் இல்லை.

வேடசந்தூர் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. குடகனாறு, புகையிலை ஆராய்ச்சி நிலையம், கரூர் சாலையை ஒட்டி வரிசையாக நூற்பாலைகள். எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறை என்று சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியிலிருந்து பஞ்சாலைக்கு ஷிப்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள் திண்டுக்கல் சுற்றுவட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் படித்து, சென்னை, பெங்களூரு வழியாக வெளிநாடு போனார்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்தது இது. அதனால்தான் யோசனை கேட்க வீட்டில் முன்னோடி யாரும் இல்லை. நிரந்தரவாச உரிமையைச் சொல்லும் ‘பி.ஆர். இருக்காம்’ என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எந்த நாட்டு பி.ஆர்., எந்த வருடம் வாங்கியது, மனைவியைக் கூட்டிப் போக அந்த நாட்டில் என்ன விதி என்று கேட்க ஆளில்லை.

நாட்டுக்கு நாடு கணக்கே வேறு. கனடாவில் நிரந்தரவாசி தன் மனைவியை ஸ்பான்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் என்று பொதுவாக ஒன்றும் கேட்பதில்லை. மூன்று வருடத்துக்கு அவள் செலவுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும், கனடாவிலேயே குடியிருக்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் வருமான வரம்பு இல்லை. ஆனால் விண்ணப்பக் கட்டணம் மட்டும் ஒன்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். பிரிட்டனில் 2012 ஜூலை முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரலில் அதையே 29,000 ஆக்கினார்கள். செவிலியர் உதவியாளராகவோ கடை ஊழியராகவோ இருப்பவர் அங்கே நிரந்தரவாசியாக, ஏன் குடிமகனாகவே இருந்தாலும் மனைவியைக் கூட்டிக்கொள்ள முடியாது. 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்த 18,600 பவுண்டு வரம்பு பலருக்குத் துன்பம் தருகிறது என்று ஒப்புக்கொண்டது. இருந்தும் கொள்கையளவில் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

ஏன் இப்படி? வெளியிலிருந்து வரும் மனைவி என்றாலே சந்தேகம் என்பது இந்த நாடுகளின் குடியேற்றத் துறைகளில் ஊறிப்போன ஒன்று. 1979 ஜனவரியில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓர் இந்திய ஆசிரியை வந்து இறங்கினார். மணமுடிக்கப்போகும் பெண்ணாக வந்தவர். அன்றைய விதிப்படி அதற்கு முன்கூட்டி விசா தேவையில்லை. அவர் உண்மையிலேயே மணமாகாதவரா என்று அறிய, மருத்துவரை வைத்து அவர் உடலைச் சோதித்தார்கள். செய்தி வெளியானதும் இந்தியா கொதித்தது, பிரிட்டன் அந்த வழக்கத்தை நிறுத்தியது. பிறகு வெளிவந்த அரசு ஆவணங்கள் மூலம், டெல்லியிலும் பம்பாயிலும் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலேயே பல பெண்களுக்கு இது நடந்திருப்பது தெரிந்தது. இப்போது உடலைச் சோதிப்பதில்லை; சோதனை கைபேசிக்கு மாறியிருக்கிறது. எத்தனை நாள் பேசினீர்கள், யார் முதலில் அழைத்தது, மாமியார் பெயர் என்ன, அவருக்கு எத்தனை உடன்பிறப்பு.

அந்த நாடுகளின் நீதிமன்றங்களும் எல்லை வரை வந்து நின்றுவிடுகின்றன. பிரிட்டனில் குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைக்கலாம், குடியிருக்கும் பெண் தன் கணவனை அழைக்க முடியாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. அப்துல்அஜீஸ் உள்ளிட்ட மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது: இது பாலினப் பாகுபாடு. பெண்கள் ஜெயித்தார்கள். பிரிட்டன் அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்குக் கதவைத் திறப்பதற்குப் பதில் ஆண்களுக்கும் அதே கெடுபிடியைக் கொண்டுவந்து சமத்துவத்தை நிலைநாட்டியது! அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: தம்பதி தாங்கள் விரும்பும் நாட்டில் சேர்ந்து வாழ்வதை அந்த நாடு ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் முன்யோஸ் வழக்கில் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றது. மனைவி அமெரிக்கக் குடிமகள், வழக்கறிஞர். கணவர் எல்சால்வடாரைச் சேர்ந்தவர். கணவரை நாட்டுக்குள் அனுமதிக்கக் கேட்பது குடிமகளின் அடிப்படை உரிமை ஆகாது என்றது நீதிமன்றம்.

கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையை இந்த நாடுகள் மதிக்கின்றன. சேர்ந்து வாழும் இடத்தை மட்டும் அரசு தன் கையில் வைத்துக்கொள்கிறது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. போலிக் கல்யாணங்கள் உண்டு, பணம் வாங்கிக்கொண்டு மனைவியாகக் காட்டுபவர்கள் உண்டு, பிடிக்கட்டும். ஆனால் ஒருவரை வேலைக்காகவும் வரிக்காகவும் நிரந்தரமாக ஏற்றுக்கொண்ட ஒரு நாடு, அவருடைய குடும்பத்தை மட்டும் வருடக் கணக்கில் வெளியே நிறுத்துவதற்கு, இடங்கள் குறைவு என்பதைத் தவிர வேறு நியாயம் எதுவும் சொல்வதில்லை. இடங்களைக் குறைவாக வைத்ததும் அவர்களேதான்.

ஸ்பான்சர் என்ற சொல்லோடு நம்மைவிட அதிகம் வாழ்ந்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அகதிகளாகப் போன இளைஞர்கள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப முடியாது. பெண்ணோ அங்கே இருந்தாள். இருவரும் சந்திக்கும் இடமாகத் தமிழ்நாடு ஆனது. சென்னையிலும் திருச்சியிலும் எத்தனையோ மண்டபங்களில், மாப்பிள்ளை டொரன்டோவிலிருந்தும் பெண் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து தாலி கட்டிக்கொண்டார்கள். சில வாரங்களில் அவர் கனடாவுக்கு. அவள் ஸ்பான்சர் வரும்வரை வாடகை வீட்டில், சில சமயம் வருடக் கணக்கில். அந்தக் கல்யாணங்களில் பத்திரிகையும் படமும் வீடியோவும் நினைவுக்கு மட்டும் எடுக்கப்பட்டவை அல்ல, கோப்புக்காகவும் எடுக்கப்பட்டவை.

அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் ஒன்று நம் பிள்ளைகளுக்கு இப்போது தேவைப்படுகிறது. கனடாவில் பி.ஆர். விண்ணப்பிக்கும்போது மனைவி இருந்தால் சொல்லியாக வேண்டும், அவள் உடன் வராவிட்டாலும் சொல்ல வேண்டும். தனி ஆளாக இருந்தால் புள்ளி கூடும், வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னதைக் கேட்டு, ஊரில் பதிவுத் திருமணம் செய்ததை மறைத்துவிட்டு பி.ஆர். வாங்கினால், பிற்பாடு அந்த மனைவியைக் குடும்ப வகையில் ஸ்பான்சர் செய்யவே முடியாமல் போகும். குடியேற்ற விதிகளில் 117(9)(டி) என்ற அந்த ஒற்றை வரி எத்தனையோ குடும்பங்களை உடைத்திருக்கிறது. 2019 முதல் சிலருக்குச் சலுகை காட்டுகிறார்கள். அதை நம்பி யாரும் இறங்கக் கூடாது. விண்ணப்பம் போட்ட பிறகு, பி.ஆர். கிடைப்பதற்கு முன் கல்யாணம் செய்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கில் முன்கூட்டிய கல்யாணம் வரம். கனடாவில் சொல்லாத கல்யாணம் சாபம்.

இதுவரை பேசியதெல்லாம் படித்து, கணினி முன் உட்காருகிறவர்களின் கதை. இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து கொத்தனாராக, வெல்டராக, ஓட்டுநராக சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களுக்கு ஸ்பான்சர் என்ற பேச்சே கிடையாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவியைக் கூட்டிப் போக மாதம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். சிங்கப்பூரில் சார்பு அனுமதிக்கு மாதம் 6,000 சிங்கப்பூர் டாலர். வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு எவ்வளவு சம்பளமானாலும் குடும்பத்துக்கு இடமில்லை. அவர் ஒரு சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் மனிதவள அமைச்சகத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலையை விட்டு வந்த பிறகும் இந்த விதி தொடரும். மனிதனை விடுத்து உழைப்பை மட்டும் இறக்குமதி செய்யும் ஏற்பாடு.

சிங்கப்பூரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது நியாயமில்லை. வேடசந்தூர்ப் பக்க நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று இளம்பெண்களைச் சேர்த்துக்கொண்ட காலம் வெகு தொலைவில் இல்லை. இன்று அதே விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். யார் குடும்பம் எங்கே என்று நாமும் கேட்பதில்லை.

ஆவணங்களுக்கு வருவோம். பல நிராகரிப்புகள் பெரிய சட்டப் பிரச்சினைகளால் வருவதில்லை, பெயரில் வருகின்றன. நமக்கு முன்னெழுத்துப் பழக்கம். பள்ளிச் சான்றிதழில் ‘கே’, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக, கல்யாணப் பத்திரிகையில் கணவர் பெயரின் முதலெழுத்து. நமக்கு எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு நான்கு பேர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும்; முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அதே பெயர் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கியிலும் ஏறி, அவள் அங்கே பல காலம் ‘ஃப்னு’வாகவே வாழ்கிறாள்.

கல்யாணப் பதிவு அடுத்தது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 வந்த பிறகு எந்த மதமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. ஆனால் மாப்பிள்ளை பதினைந்து நாள் விடுப்பில் வருகிறார். மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்து என்று ஓடிவிட்டு, பதிவை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறிவிடுகிறார். அவர் இல்லாமல் பதிவு நடக்காது; பதிவு இல்லாமல் மனு போகாது. தாலி கட்டிய மறுநாளே, மஞ்சள் கயிறு ஈரம் காய்வதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவது நல்லது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணமாக இருந்தாலும் கவலையில்லை. 1967-இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவு அதைச் செல்லுபடியாக்கியிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் போதும். கல்யாணம் உண்மைதானா என்பதற்கு அத்தாட்சி கேட்டால் அழைப்பிதழ், படங்கள், பயணச் சீட்டு என்று கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொய் நோட்டைவிட நம்பகமான சாட்சி உலகத்தில் இல்லை. ஊர், பெயர், தொகை வாரியாக நூற்றுக்கணக்கான பேர் வந்து போனதற்குக் கையெழுத்து ஆதாரம் அது. அதிகாரிகளுக்குத்தான் படிக்கத் தெரியாது.

ஒரு வழியாக அவள் போய்ச் சேர்கிறாள். பிரச்சினையின் கனமான பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவளுடைய இருப்பே கணவனின் காகிதத்தில் தொங்குகிறது. எச்-4 விசாவில் 2015 மே மாதம் வரை யாரும் வேலை பார்க்க முடியாது. அதற்குப் பிறகும், பொதுவாகக் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி. நம் ஊர்ப் பெண்ணும் பி.இ. படித்தவள்தான், கேம்பஸ் நேர்காணலில் தேறியவள்தான். அங்கே தன் பெயரில் ஒரு டாலர் சம்பாதிக்க முடியாமல் பல வருடங்களை வீட்டுக்குள் கழிக்கிறாள். கனடா 2025 ஜனவரியிலிருந்து, மாணவர்களின் துணைவர்களுக்குத் தரும் வேலை அனுமதியை, 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பு, முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள் என்று சுருக்கிவிட்டது. அமெரிக்கக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்து இரண்டு வருடத்துக்குள் உள்ளே போகும் மனைவிக்கு நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். இரண்டு வருடம் முடியும்போது இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். போலிக் கல்யாணத்தைப் பிடிக்க 1986-இல் கொண்டுவந்த சட்டம். நல்ல கணவன் கையில் அது வெறும் படிவம். மற்றவன் கையில் அது சாட்டை. அடித்துவிட்டு, ‘கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குப் போ’ என்று சொல்ல வழி செய்கிற சட்டம். இதை அந்த நாடும் பிறகு உணர்ந்தது. 1994-இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம், கொடுமைக்கு ஆளான மனைவி கணவனின் தயவில்லாமல் தானே மனு போட வழி செய்தது. கனடா 2012-இல் இதேபோல் இரண்டு வருட நிபந்தனையைக் கொண்டுவந்தது. அது பெண்களைக் கொடுமைக்குள் கட்டிப்போடுகிறது என்று கண்டு 2017-இல் கைவிட்டது. வேடசந்தூரிலிருந்து விமானம் ஏறும் எந்தப் பெண்ணுக்கும் இந்தச் சட்டங்களின் பெயரை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

கைவிடப்பட்டுத் திரும்பிய பெண்களுக்கு நம் சட்டம் என்ன செய்தது? 1991-இல் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருப்பதியில் நடந்த கல்யாணத்தை அமெரிக்காவின் மிசௌரி நீதிமன்றத்தில் ஒருதலையாக முறித்துவிட்டு வந்தால் இங்கே செல்லாது. நல்ல தீர்ப்பு. ஆனால் இங்கே செல்லாத விவாகரத்து அங்கே செல்லும். அவன் அங்கே மறுமணம் செய்து வாழ்வான், இவள் இங்கே மணமானவளாகவே இருப்பாள். 2019 பிப்ரவரியில் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். வெளிநாடுவாழ் இந்தியரின் கல்யாணத்தை 30 நாளுக்குள் பதிய வேண்டும், பதியாவிட்டால் பாஸ்போர்ட்டை முடக்கலாம், நீதிமன்ற அழைப்பாணையை இணையதளத்தில் வெளியிட்டாலே போதும் என்றது அது. மசோதா இன்னும் சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் விரிவான சட்டம் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது.

டெல்லி நகரும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, நலவாரியம் இருக்கிறது, ஜனவரி 12-இல் விழாவும் எடுக்கிறோம். விழாவுக்கு வருகிறவர் பெரும்பாலும் போய் வென்றவர். போகப்போகிற பெண்ணுக்கு மாவட்டத்தில் ஒரு மேசை வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில், குடியேற்ற விதி தெரிந்த ஒருவர் உட்காரலாம். சார்பதிவாளர் அலுவலகத்தின் திருமணப் பதிவு விண்ணப்பத்தில் வெளிநாட்டில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு பக்கம் சேர்க்கலாம்: எந்த வகை விசா, எந்த நாள் முதல், முந்தைய மணம் உண்டா, அங்கே முகவரி என்ன. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, விதியில் திருத்தம் போதும். பெற்றோர்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. ஜாதக நகல் வாங்குகிறவர்கள் விசாவின் நகலையும் கேட்கலாம். கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில்.

வெளிநாடுகளை இவ்வளவு குற்றம் சொன்ன பிறகு, திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்துக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 2022 செப்டம்பரில் 321 புது வீடுகளை முதல்வர் திறந்துவைத்தார். நல்ல வீடுகள். அந்த வீடுகளில் இருக்கிற பெண்கள் பலர் முகாமிலேயே பிறந்து, இங்கே படித்து, நம் பேச்சு வழக்கே பேசுகிறவர்கள். முகாமுக்கு வெளியே இந்தியக் குடிமகனை மணந்தவர்கள் பல முகாம்களில் உண்டு. கணவன் இந்தியன், கல்யாணம் பதிவானது, வாழ்க்கை முழுக்க இந்த மண்ணில்தான். இவளுக்கு இந்தியா என்ன தருகிறது?

குடியுரிமைச் சட்டம் 5(1)(சி) பிரிவில் வழி இருக்கிறது: இந்தியக் குடிமகனை மணந்து ஏழு வருடம் இங்கே குடியிருந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். அதே பிரிவின் தொடக்கத்திலேயே ஒரு பூட்டு: ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. படகில் வந்தவர்களிடம் விசா ஏது? பாஸ்போர்ட் ஏது? பதிவேட்டில் அவர்கள் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதோடு முடிவதில்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. அப்பா இந்தியன், பிறந்தது திண்டுக்கல் அரசு மருத்துவமனையில், ஆனாலும் குழந்தை இந்தியக் குடிமகன் இல்லை. அமெரிக்கா இரண்டு வருடம் காக்க வைக்கிறது என்று அழுகிறோம். இங்கே கணவனோடு ஒரே கூரையில் வாழ்கிறவள் முப்பது வருடமாகக் காத்திருக்கிறாள். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை. 2025 செப்டம்பரில் உள்துறை ஒரு விலக்கு ஆணை போட்டது. 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, விசாவோ பாஸ்போர்ட்டோ இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்றது. சிறைப் பயம் தணிந்தது. குடியுரிமை வரவில்லை.

தண்டனை இல்லை என்று அரசே சொன்ன பிறகு அவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று தொடர்ந்து எழுதிவைத்திருப்பதில் பொருள் இல்லை. இந்தியக் குடிமக்களின் மனைவியராகவும் கணவராகவும் முகாம்களில் பதிவானவர்களை அந்தச் சொல்லிலிருந்து விடுவித்து, அவர்களுடைய 5(1)(சி) விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு வழிவிட வேண்டும். முதல் விண்ணப்பங்களை வாங்க திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகமே போதும். தோட்டனூத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடுவார்கள்.